நாற்காலியை ஆட்டிப் பார்ப்பவர்

கடைசியா அவளை உயிரோட பாத்தப்ப சிரிச்சுக்கிட்டிருந்தா சார். என் சம்சாரத்தைத்தான் சொல்றேன். சும்மா பல்லைக் காட்டற சிரிப்பு இல்ல. தலையைப் பின்னால சாச்சு, வாயைப் பொத்திக்கிட்டு, தோளெல்லாம் குலுங்க ஒரு சிரிப்பு. நான் பஸ்ல ஜன்னலோரம். அவ ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டடத்துக்குள்ள. நடுவுல ரெண்டு கண்ணாடி, பஸ்ஸோடது ஒண்ணு, அந்தக் கட்டடத்தோடது ஒண்ணு. சத்தம் கேக்கல. சிக்னல் விழுந்துச்சு, பஸ் கிளம்பிடுச்சு. அவ்வளவுதான்.

ஐயோ, ஏன் கப்பைக் கீழ வெச்சுட்டீங்க? குடிங்க குடிங்க. உக்காந்ததும் உக்காராததுமா சாவுக் கதையை எடுத்துட்டேன். என்ன பண்றது, வீட்டுல அவங்க சௌக்கியமான்னு கேட்டீங்க. சௌக்கியம்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். நாக்குல வரல.

இந்த இன்னொரு கப்பைக் கொஞ்சம் ஓரமா நகத்திக்கட்டுமா? யாருக்கோ வாங்கி வெச்சிருக்கீங்க போல. அவங்க வந்தா நான் எந்திரிச்சுக்கறேன். கூட்டமா இருக்குன்னு அந்தக் கவுண்டர் பொண்ணுதான் என்னை இங்க கொண்டுவந்து போட்டுட்டா. இந்தக் கடை வழக்கம் அப்படி. தனியா வந்தவங்களைத் தனியா விட மாட்டாங்க, இன்னொரு தனியாளோட சேர்த்து உக்கார வெச்சிருவாங்க. நல்ல வழக்கம்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நானும் நல்ல வழக்கம் இல்லன்னு சொல்லல.

அப்படி ஓரமா இருக்கட்டும். போதும்.

நான் நாற்காலியை ஆட்டினப்ப நீங்க சிரிச்சீங்க. பாத்தேன். அட, தப்பா எடுத்துக்கல சார். பாக்கறவங்களுக்கு வேடிக்கையாத்தான் இருக்கும். நான் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன். லிஃப்ட்டுக்காரனுக்கு எதையும் சட்டுனு நம்ப வராது. ஏறறதுக்கு முன்னால ஒரு ஆட்டு, ரெண்டு தட்டு, அப்புறம் தலையைச் சாச்சு காதைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் கேக்கணும். சத்தம் சரியா இருந்தாத்தான் காலை வைக்கணும். அதே பழக்கம் எல்லாத்துக்கும் ஒட்டிக்கிச்சு. நாற்காலி, கட்டில், ஏணி, காப்பிக் கப்புகூட. கல்யாணமான புதுசுல மாமனார் வீட்டுக்குப் போய், போட்ட நாற்காலியை ஆட்டி, ரெண்டு தட்டு தட்டி, காதைச் சாச்சுக் கேட்டுட்டு அப்புறமா உக்காந்தேன். மாப்பிள்ளை நாற்காலிக்கு வேற விலை பேசறாரான்னு மச்சான் கேட்டான். வீடே சிரிச்சுது. அவ மட்டும் சிரிக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டா. என் மானத்தைக் காப்பாத்தினான்னு நெனச்சேன்.

அந்த மெஷின் சத்தத்தைக் கேட்டீங்களா? பால் பொங்க வைக்கும்போது ஒரு கீச்சு வருதே. உள்ள ஒரு வாஷர் தேஞ்சிருக்கு. சொன்னா கேக்க மாட்டாங்க. அந்தப் பையன் நுரையில இலை வரையறதுலதான் குறியா இருக்கான். குடிக்கற பொருள்ல எதுக்கு சார் இலை? உதட்டைத் தொட்டா அழியப் போற படத்துக்கு இவ்வளவு மெனக்கெடு. ஆனா ஜனங்க வரிசையில நிக்கறாங்க, போட்டோ எடுக்கறாங்க. அந்த மூலையில உக்காந்திருக்கானே கம்ப்யூட்டரை விரிச்சுக்கிட்டு, அவன் கப்பு காலியாகி எவ்வளவு நேரமாச்சு. எந்திரிக்க மாட்டான். வீட்டு வாடகையே மிச்சம் அவனுக்கு. கக்கூஸ் சாவியைக் கேட்டா ஒரு பெரிய மரக்கரண்டியில கட்டிக் கொடுக்கறாங்க, அதைக் கையில பிடிச்சுக்கிட்டு ஊரே பாக்க நடந்து போகணும். எங்க போறோம்னு அறிவிப்பு மாதிரி.

அப்புறம் வாசல்ல ஒரு சின்ன டிவி வெச்சிருக்காங்களே, இன்னிக்கு உங்க அனுபவம் எப்படின்னு கேட்டு மூணு மூஞ்சி. சிரிக்கற மூஞ்சி, சும்மா இருக்கற மூஞ்சி, உம்முனு இருக்கற மூஞ்சி. நான் வந்த நாள்லேருந்து உம்மு மூஞ்சியைத்தான் அமுக்கறேன். ஒரு வாரம்கூட விட்டதில்ல. போன வாரம் மேனேஜரே வெளிய வந்துட்டாரு. ஐயா, என்ன குறை சொல்லுங்க, சரி பண்றோம், காப்பி ஆறிப் போச்சா, யாராவது மரியாதைக் குறைவா பேசினாங்களான்னு கையைக் கட்டிக்கிட்டுக் கேக்கறாரு. என்னன்னு சொல்வேன்? காப்பி நல்லா இருக்கு, மரியாதை நல்லா இருக்கு. எனக்கு உங்க கடை மேல பொறாமைன்னு சொல்ல முடியுமா?

ஆமா சார். பொறாமைதான். அதை மூடி மறைச்சு என்ன ஆகப் போகுது.

விஷயம் என்னன்னா, வேலையில இருந்த வரைக்கும் நான் வீட்டுல இருந்ததே கம்மி. எங்கயாவது எவனாவது லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டுக் கத்துவான், நான் ஓடணும். அவதான் வீடு. ரிட்டயர் ஆனேன், இனிமே ரெண்டு பேரும் எதிரும் புதிருமா உக்காந்து பேசிக்கிட்டே இருப்போம்னு நெனச்சேன். ஒரு மாசம் பேசினோம். அப்புறம் ஒரு வியாழக்கிழமை தலையை வாரிக்கிட்டு, கைப்பையை எடுத்துக்கிட்டு நிக்கறா. எங்கன்னேன். காப்பி குடிச்சுட்டு வரேன்னா. வீட்டுல காப்பி இல்லையான்னேன். இருக்கேன்னா, போயிட்டா. ஒளிக்கல, மறைக்கல. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒளிச்சிருந்தா சண்டை போட்டிருக்கலாம்.

இந்தக் கடைதான் சார். வேற எது.

என்னங்க, முதல்ல வாசலையே பாத்துக்கிட்டிருந்தீங்க, இப்பப் பாக்கறதே இல்ல. காத்து வருதேன்னா? இடம் மாறிக்கலாம் வேணும்னா. வேண்டாமா. சரி.

அப்புறம் வாராவாரம் வியாழக்கிழமை. புதன்கிழமை சாயங்காலமே அவ முகத்துல ஒரு தெளிச்சி வந்துரும். திரும்பி வரும்போது ஏதோ முணுமுணுன்னு பாடிக்கிட்டே செருப்பைக் கழட்டுவா. சேலையில காப்பி வாசனை. நான் காலையில எந்திரிச்சுப் போட்டுக் கொடுக்கற காப்பியை மட்டும் பாதி குடிச்சுட்டு வெச்சிருவா. அந்தக் காப்பியை நான் எப்படிக் கொடுப்பேன் தெரியுமா? அவ இடதுகைக்காரி. எழுதறது, காய் வெட்டறது, எல்லாம் இடது. அதனால கப்போட பிடியை இடது பக்கம் திருப்பித்தான் அவ முன்னால வைப்பேன். ஒருநாளும் தப்பினதில்ல. அவ அதைச் சொன்னதும் இல்ல, நான் சொல்லிக்கிட்டதும் இல்ல. எனக்குள்ளேயே ஒரு பெருமை. இந்த உலகத்துல அவளுக்கு இப்படிக் கப்பு வைக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்னு.

நான் சும்மா விடல. அந்தக் காப்பியை நம்மளே போட்டுட்டா ஏன் போகப் போறான்னு, நுரை அடிக்கற குச்சி ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். பேட்டரியில சுத்தும். முதல் நாள் பாலைக் கம்மியா ஊத்திட்டேன், சமையலறைக் கூரையில போய் ஒட்டிக்கிச்சு. பழகிப் பழகி ஒருநாள் கடைசியா வந்துருச்சு சார், மெத்துமெத்துன்னு நுரை. அவளைக் கூப்பிட்டு உக்கார வெச்சுக் கொடுத்தேன். குடிச்சா. உதட்டு மேல ஒட்டின நுரை மீசையை நாக்கால துடைச்சா. நல்லாத்தான் இருக்குன்னா. நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன். அடுத்த நாள் வியாழக்கிழமை. தலையை வாரிக்கிட்டு, பையை எடுத்துக்கிட்டு நிக்கறா.

அப்பத்தான் மண்டையில உறைச்சுது, விஷயம் காப்பியில இல்லன்னு.

பொண்ணுகிட்ட போன்ல சொன்னேன். அவ வெளியூர்ல இருக்கா. ஏன்ப்பா, அம்மாவுக்குன்னு ஒருநாள் இருக்கக் கூடாதா, நீங்க லிஃப்ட் லிஃப்ட்டுன்னு ஓடினப்ப அம்மா ஏதாவது கேட்டாங்களான்னு என்னைத்தான் திட்டினா. உன் அம்மா யாரோட உக்காந்து குடிக்கறான்னு தெரியுமாடின்னேன். யாரோடயாவது உக்காந்து பேசினா நல்லதுதானேப்பான்னு போனை வெச்சுட்டா. அவளுக்கு என்ன, சின்ன வயசு.

ஒரே ஒரு தடவை நானும் வரட்டுமான்னு கேட்டேன். வாங்களேன்னா. உடனே சொன்னா, யோசிக்கக்கூட இல்ல. நான்தான், ஆமா அங்க வந்து நான் என்ன பண்றது, வேலையத்தவங்க போற இடம்னு சொல்லிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. அவ ரெண்டாவது தடவை கூப்பிடுவான்னு எதிர்பாத்தேன். கூப்பிடல.

நீங்க பல் டாக்டர்தானே? இருந்தீங்களா, சரி, ரிட்டயர். அதான். அடுத்தவங்க வாயைத் தொறக்க வைக்கத் தெரிஞ்சவங்க நீங்க. எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? அந்தக் கவுண்டர் பொண்ணு சொன்னா. கேக்காமலேயே நெறைய சொல்லும் அந்தப் பொண்ணு. வீட்டுல தனியாத்தானாமே? ம். அதையும் சொன்னா.

அந்த நாளைச் சொல்லிட்டிருந்தேன்ல. கண்ணாடிக் கடைக்குப் போயிட்டுப் பஸ்ல திரும்பி வரேன். இந்த சிக்னல்ல பஸ் நிக்குது. சும்மா திரும்பிப் பாத்தேன். இந்த ஜன்னல், இந்த மேஜை. இதோ நான் உக்காந்திருக்கற இந்த இடத்துல அவ. எதிர்ல ஒரு ஆளு. அந்தாளு முதுகுதான் தெரியுது. கையை ஆட்டி இவதான் ஏதோ சொல்றா, செய்யறா, அந்தாளு மேஜையைப் பிடிச்சுக்கிட்டுக் குலுங்கறான். இவளும் அதைப் பாத்துத் தலையைப் பின்னால சாச்சுட்டா. முப்பத்தஞ்சு வருஷத்துல எங்கிட்ட அப்படிச் சிரிச்சதில்ல சார். எங்கிட்ட சிரிப்பா, நல்லாவே சிரிப்பா. ஆனா இது வேற. இது மாதிரி ஒண்ணு அவகிட்ட இருக்குன்னே எனக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் உள்ள எரிஞ்சுது. போனதும் வாசலைப் பாத்து நாற்காலியைப் போட்டு உக்காந்தேன். என்ன கேக்கறதுன்னு யோசிச்சேன். யாரு அந்தாளுன்னு கேக்கலாமா. வேண்டாம், மட்டமா இருக்கும். இன்னிக்கு காப்பி எப்படின்னு சும்மா ஆரம்பிக்கலாமா. அப்படிக் கேட்டா அவ ஒரே வார்த்தையில முடிச்சிருவா. கடைசியில கண்டுபிடிச்சேன். என்னத்துக்குடி அப்படிச் சிரிச்சே? இதுதான் கேள்வி. கோவமும் இல்ல, குழைவும் இல்ல. சத்தமா ரெண்டு தடவை சொல்லிப் பாத்தேன், காலி வீட்டுல. சரியா இருந்துச்சு.

கேள்வியைத் தயார் பண்ணி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஆளு வரல.

வீட்டுக்குத் திரும்பி வர்ற பஸ்லயே போயிட்டா. உக்காந்தபடியே. தூங்கறாங்கன்னு நெனச்சு யாரும் தொந்தரவு பண்ணல. கடைசி ஸ்டாப்புல எல்லாரும் எறங்கினப்புறம் கண்டக்டர் வந்து தோளைத் தொட்டுப் பாத்திருக்காரு. வலி தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. முகம் நல்லா இருந்துச்சு. அது உண்மை.

தண்ணி குடிங்க சார். இந்தாங்க.

எல்லாம் முடிஞ்சு, வந்தவங்க போய், பொண்ணும் ஊருக்குக் கிளம்பினப்புறம் நான் இங்க வர ஆரம்பிச்சேன். வியாழக்கிழமை வியாழக்கிழமை. அந்தப் பெரிய மேஜையில, தூணுக்குப் பக்கத்துல உக்காருவேன். அந்தாளைப் பாக்கணும். முகம் தெரியாது, முதுகு தெரியும். பின்மண்டையில ஒரு வழுக்கை, சரியா ஒரு சாசர் அளவுக்கு. வழுக்கையை வெச்சு ஆளைத் தேடினா கடையில பாதிப் பேரு மாட்டுவாங்க. இவனா, அவனான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். முதல் வாரமே ஒருத்தரு இந்த ஜன்னலோர மேஜைக்கு வந்தாரு. எதிர் நாற்காலியில பையை வெச்சாரு. யாரோ உக்காரலாமான்னு கேட்டதுக்கு, ஆள் வராங்கன்னாரு. கவுண்டருக்குப் போய் ரெண்டு கப்பு வாங்கிட்டு வந்தாரு. ஒண்ணைத் தன் முன்னால வெச்சாரு. இன்னொண்ணை எதிர்ல வெச்சு, வெச்சுட்டு, அதோட பிடியை இடது பக்கமா திருப்பி வெச்சாரு.

அது என் வேலை சார்.

அன்னிக்கே வந்து சட்டையைப் பிடிச்சிருப்பேன். அப்படித்தான் எந்திரிச்சேன். ஆனா நீங்க வாசலைப் பாத்த பார்வை இருக்கே. அப்பத்தான் புரிஞ்சுது, உங்களுக்கு விஷயமே தெரியாது. யார் சொல்லுவாங்க? உங்க நம்பர் அவகிட்ட இல்ல, அவ வீடு உங்களுக்குத் தெரியாது. இந்த மேஜையோட சரி உங்க பழக்கம். சரி, காத்துக்கிட்டு இருக்கட்டும்னு உக்காந்துட்டேன். எனக்கு அதுல ஒரு திருப்தி. பொய் சொல்ல மாட்டேன். நான் ஒருநாள் வாசலைப் பாத்து உக்காந்தேன், நீங்க வாராவாரம் உக்காருங்கன்னு. ஆனா போன வாரம் உங்க எதிர்ல அந்தக் காப்பி ஆடை கட்டிப் போய், நீங்க அதைக் கொட்ட மனசில்லாம அப்படியே விட்டுட்டுப் போனீங்க. அதுக்கப்புறம் எனக்கும் அந்தத் திருப்தி கெட்டுப்போச்சு. மேனேஜர் என்ன குறைன்னு கேட்டாரே, அவர்கிட்டதான் சொன்னேன், என்னை அடுத்த தடவை அந்த டாக்டர் மேஜையில சேர்த்து உக்கார வைங்கன்னு. அவ்வளவுதானான்னாரு. அவ்வளவுதான்னேன். இன்னிக்கு அந்தப் பொண்ணு என்னை இங்க கொண்டுவந்தது கூட்டத்தாலயெல்லாம் இல்ல.

ஆனா ஒண்ணு எனக்குப் புரியல. நான் யாருன்னே தெரியாம, வந்து உக்காந்த ஆளைப் பாத்து, வீட்டுல அவங்க சௌக்கியமான்னு கேட்டீங்களே. முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்க. நான் நாற்காலியை ஆட்டினதுமே உங்க முகத்துல ஒரு சிரிப்பு. நான் கடைசியா உயிரோட பாத்தப்பன்னு ஆரம்பிச்சதும் அப்படியே அணைஞ்சுது. அப்புறம் நீங்க காப்பியைத் தொடல, வாசலைப் பாக்கல. எப்படித் தெரிஞ்சுது, நான் அவ வீட்டுக்காரன்னு?

சொல்லுங்க சார். அதுகூட வேண்டாம். நான் அன்னிக்கு அவளுக்குன்னு தயார் பண்ணி வெச்ச கேள்வி ஒண்ணு இருக்கு, அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அவ என்னத்துக்கு அப்படிச் சிரிச்சா? அன்னிக்கு இங்க உக்காந்து என்ன சொன்னா?

சொல்லலையா? செஞ்சாளா? என்ன செஞ்சா?

ஏன் எந்திரிக்கறீங்க? நாற்காலியை ஏன்... ஓ.

ஓ. இது நானா?

வாராவாரமா? நாற்காலி மட்டும் இல்லையா, கப்பையுமா? காதுகிட்ட வெச்சுக்கிட்டா? அட கடவுளே. எங்கிட்ட ஒரு தடவைகூடச் செஞ்சு காட்டினதில்ல சார். மாமனார் வீட்டுல தலையைக் குனிஞ்சுக்கிட்டாளே, அது சிரிப்பை அடக்கத்தானா? இத்தனை வருஷம் அடக்கி வெச்சு, உங்களுக்குக் காட்டியிருக்கா.

இருங்க. உக்காராதீங்க. யாரும் பாக்கல, பாத்தா பாக்கட்டும். இப்ப மேஜையைத் தட்டினீங்களே, ரெண்டு தட்டு. எந்தக் கையால தட்டினீங்க? நான் வலதுகைக்காரன் சார். எதைத் தட்டினாலும் வலது கைதான். நீங்களும் வலது கையிலதான் கப்பைப் பிடிச்சிருந்தீங்க. இடது கையால தட்டறீங்களே.

அவ அப்படித்தான் செஞ்சாளா.

இன்னொரு தடவை செய்யுங்க. தலையையும் சாச்சு, முழுசா. வீட்டுல அவளோடது எல்லாம் வெச்சது வெச்ச இடத்துல இருக்கு. செருப்பு, சால்வை, சீப்பு எல்லாம் இருக்கு. இது மட்டும் அங்க இல்ல.